நித்யகல்யாணி செல் வளர்ப்பு: மாணவர்கள் கவனிக்க

ஆசிரியர் அவர்களுக்கு,

கடலூர், புதுச்சேரி கல்லூரிகளில் நித்யகல்யாணிச் செடியின் செல்களைக் குடுவையில் வளர்ப்பதைத் திட்டப்பணியாக எடுக்கும் மாணவர்கள், ஆல்கலாய்டு (மருந்துக்குப் பயன்படும் தாவர வேதிப்பொருள்) கிடைக்கவில்லையே என்று சோர்ந்துபோகிறார்கள். பெரும்பாலும் காரணம் 2,4-டி என்ற செயற்கை வளர்ச்சி ஹார்மோன். செல்கள் பெருக அது உதவும். ஆல்கலாய்டு உற்பத்தியை அமுக்கிவிடும். செல்கள் பெருகியபின் 2,4-டி இல்லாத, 5 சதவீதம் சுக்ரோஸ் சேர்த்த வளர்ப்பு ஊடகத்துக்கு (ஊட்டக் கரைசலுக்கு) மாற்றுங்கள்.

ஆல்கலாய்டு உற்பத்தியைத் தூண்டும் தாவர ஹார்மோனான மெத்தில் ஜாஸ்மோனேட்டை 100 மைக்ரோமோலார் அளவில், வளர்ச்சி தணியத் தொடங்கும்போது சேர்க்க வேண்டும். முதல் நாளே ஊற்றினால் வளர்ச்சி நின்றுவிடும். அளவு மிஞ்சினால் வெளிர்மஞ்சள் செல்கள் பழுப்பாகி அடியில் படியும். மெத்தில் ஜாஸ்மோனேட் தண்ணீரில் சரியாகக் கரையாது. எத்தனாலில் கரைத்து, கிருமிகளை நீக்க, எத்தனால் தாங்கும் 0.22 மைக்ரான் வடிகட்டியில் செலுத்துங்கள். அதே அளவு எத்தனால் மட்டும் விட்ட குடுவை ஒன்று ஒப்பீட்டுக்குக் கட்டாயம் வேண்டும். பலர் இதை விட்டுவிடுவதால் முடிவையே நம்ப முடிவதில்லை. சேர்த்த இரண்டு, மூன்று நாளில் அறுவடை செய்து, செல்களோடு ஊடகத்தையும் சோதியுங்கள்.

இப்படிக் கூடுவது அஜ்மலிசின், கேதராந்தின் போன்ற ஆல்கலாய்டுகள்தான். புற்றுநோய் மருந்தான வின்பிளாஸ்டினை எதிர்பார்க்காதீர்கள். அது உருவாக வேண்டிய விண்டோலின் என்ற ஆல்கலாய்டு உண்டாகும் கடைசிப் படிகள் இலைச் செல்களில்தான் நடக்கின்றன. தலைப்பை அனுமதிக்கும்போதே வழிகாட்டும் பேராசிரியர்கள் இதைச் சொல்லிவிட வேண்டும்.

தாவரவியல் ஆசிரியர்கள்,
கடலூர்