பிராசசரை வாங்கும் முன் மதர்போர்டைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. சாலையை ஒட்டிய தெருவொன்றில், திருமணப் பத்திரிகை, கோயில் விழா அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி முதலியவற்றை வடிவமைத்துத் தரும் சிறு கடை நடத்திவருகிறேன். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்ததிலிருந்து, என்னைப் போல் ஒன்றிரண்டு கணினிகளை நம்பிப் பிழைப்பவர்கள் சந்தித்துக்கொண்டால் பேச்சு ஒன்றுதான்: கணினியின் மூளையான பிராசசரை மாற்றி விண்டோஸ் 11-க்குப் போய்விடுவதா, பொறுத்திருப்பதா? இதில் நான் அவசரப்பட்டு ஏமாந்த கதை பிறருக்குப் பயன்படலாம் என்பதால் எழுதுகிறேன்.

என் கணினி 2017-இல் வாங்கியது. இன்டெல் ஏழாம் தலைமுறை ஐ5-7400 பிராசசர், எச்110 மதர்போர்டு (பிராசசர், ரேம் முதலியவை பொருந்தும் தாய்ப்பலகை), 8 ஜிபி ரேம், ஒரு டெராபைட் ஹார்டு டிஸ்க். விண்டோஸ் 11-க்கோ, ஒருசில விதிவிலக்குகள் நீங்கலாக, இன்டெல் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். ஒரு தலைமுறைதானே குறைகிறது, பிராசசரை மட்டும் மாற்றினால் போதும் என்று கணக்குப் போட்டு ரிச்சி தெருவுக்குப் போனேன். போர்டின் பெயரைச் சொல்லித்தான் எட்டாம் தலைமுறை பிராசசர் கேட்டேன். "ரெண்டுமே 1151 சாக்கெட்தான் சார், அப்படியே உக்காந்துடும்" என்றார் கடைக்காரர். சாக்கெட் என்பது போர்டில் பிராசசர் உட்காரும் இடம்.

அவர் சொன்னபடியே உட்கார்ந்தது. ஓரத்து வெட்டுகள் பொருந்தின, கொக்கி பூட்டிக்கொண்டது, விசிறியும் சுற்றியது. திரையில் மட்டும் ஒன்றும் வரவில்லை. 2017 அக்டோபரில் வந்த எட்டாம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்களில் முனைகளின் எண்ணிக்கை அதே 1,151 என்றாலும், கூடுதல் கோர்களுக்கான (பிராசசருக்குள் வேலை செய்யும் பிரிவுகள்) மின்சாரத்தைக் கருதி இன்டெல் அம்முனைகளில் சிலவற்றின் வேலையை மாற்றியிருக்கிறது என்பதும், அவற்றுக்கு 300 வரிசை சிப்செட் (போர்டின் கட்டுப்பாட்டுச் சில்லு) கொண்ட போர்டு தேவை, என் எச்110 அந்த வரிசையல்ல என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பில்லின் அடியிலோ "விற்ற பொருள் வாபஸ் இல்லை" என்று அச்சிட்டிருந்தது. அந்த பில் புத்தகத்தை அடித்துக் கொடுப்பதும் என்னைப் போன்ற ஒரு கடைக்காரர்தானே என்று நினைத்து, சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் திரும்பினேன்.

இன்டெலின் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் பிராசசர் வாங்கியவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. 2017-இல் அதன் முதல் ரைசன் பிராசசர் பொருந்திய ஏஎம்4 சாக்கெட்டிலேயே 2022-இல் வந்த ரைசன் 5800எக்ஸ்3டி-யும் பொருந்துகிறது. பழைய போர்டுகள் பலவற்றுக்கு பயாஸை (போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருள்) புதுப்பித்தால் போதும். என் போன்றோருக்கோ பிராசசர் மாற்றம் என்பது போர்டு மாற்றம்தான். பன்னிரண்டாம் தலைமுறை இன்டெலுக்கு, என்னிடமுள்ள டிடிஆர்4 வகை ரேமை ஏற்கும் போர்டுகளும் உண்டு என்பதால் பழைய ரேமையாவது காப்பாற்றலாம். ஏஎம்டியின் அடுத்த சாக்கெட்டான ஏஎம்5 பக்கம் போனால் டிடிஆர்5 ரேமும் புதிதாக வாங்கியாக வேண்டும்.

இதற்கிடையில் என் அக்கா மகன், "மாமா, முதல்ல எது மெதுவா இருக்குன்னு பார்த்தீங்களா?" என்று கேட்டுவிட்டு, எந்தப் பாகம் எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தான். பழைய பத்திரிகைக் கோப்பொன்று திறந்துகொண்டிருந்த அந்நேரத்தில் பிராசசர் 20 சதவீதத்தைச் சுற்றி நிற்க, டிஸ்க் மட்டும் 100-ஐ விட்டு இறங்கவே இல்லை. ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு அதைவிட வேகமான எஸ்எஸ்டி சேமிப்பகம் போட்டோம், ரேமை 16 ஜிபி ஆக்கினோம். டீ சொல்லிவிட்டுக் காத்திருந்த கோப்பு இப்போது டீ வருவதற்குள் திறந்துவிடுகிறது. நான் மாற்றத் துடித்த பிராசசர் இத்தனை நாளும் சும்மாதான் இருந்திருக்கிறது! பாதுகாப்புப் புதுப்பிப்புகளை 2026 அக்டோபர் 13 வரை நீட்டித்துக்கொள்ளும் திட்டத்தில் பதிவு செய்திருக்கிறேன். போர்டு, பிராசசர் பற்றிய முடிவை அதற்குள் நிதானமாக எடுத்துக்கொள்வேன்.

எல்லோரும் பொறுத்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. ராயபுரத்தில் திருமண வீடியோ எடிட் செய்யும் நண்பரின் கணினியில், ஒரு ரெண்டர் (எடிட் செய்ததை முழு வீடியோ கோப்பாக்கும் வேலை) ஓடும்போது நான்கு கோர்களும் மணிக்கணக்கில் 100-லேயே நிற்கின்றன. அவர் பொறுக்கும் ஒவ்வொரு மாதமும் அவருக்கு நஷ்டம். அடுத்த தலைமுறை வரட்டும் என்றிருந்தால் அதற்கடுத்த தலைமுறையைப் பற்றிய பேச்சும் வந்துவிடும்.

பிராசசரைத் தனியாக விற்கும் கடைக்காரர்கள், வாடிக்கையாளரின் மதர்போர்டு மாடலைக் கேட்டு பில்லிலேயே குறிக்க வேண்டும். பொருந்தாவிட்டால் மாற்றித் தரவும் வேண்டும். புதிய பிராசசர்களின் வேகத்தை விரிவாக எழுதும் தங்கள் நாளிதழ், எந்தப் பிராசசர் எந்த சிப்செட்டில் வேலை செய்யும் என்பதையும் கூடவே ஒரு சிறு அட்டவணையாகத் தந்தால், அதைக் கத்தரித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போக எங்கள் தெருவிலேயே நாலைந்து பேர் இருக்கிறோம்.

இப்படிக்கு,
அச்சு வடிவமைப்புக் கடைக்காரர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை – 21.