சாம்பார் மேல் உள்ள அக்கறை யானை மேலும் இருக்கட்டும்: வடநாட்டு டூர் ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டிலிருந்து டில்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர் என்று குழுவாக அழைத்துப்போகும் சுற்றுலா ஏற்பாட்டாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்தக் குளிர்காலத்தில் உங்களில் ஒருவர் மூலமாகத்தான் நானும் என் வீட்டுக்காரரும் போய்வந்தோம். யார் என்று சொல்லப் போவதில்லை. ஊர் திரும்பியதும் மற்றவர்களின் நோட்டீஸ்களையும் வாங்கிப் பார்த்தேன். முகப்பில் அச்சடித்த சாமி படம்தான் வேறு, உள்ளே எல்லாம் ஒன்றுதான். அதனால் இது எல்லோருக்குமான கடிதம்.

உங்கள் மேல் மரியாதை இல்லாமல் இதை எழுதவில்லை. ஊரிலிருந்தே சமையல்காரரைக் கூட்டிவந்து, ஜெய்ப்பூர்க் குளிரில் விடியற்காலையில் ஃபில்டர் காபி கொடுத்தவர்கள் நீங்கள். முட்டிவலிக்காரர்களுக்குக் கீழ்த்தளத்து அறை கேட்டு, ஓட்டல்காரரோடு சண்டை போட்டு வாங்கிக் கொடுத்தவர்கள். இவ்வளவு தெரிந்தவர்களுக்கு நான் கேட்கப் போவது பெரிய காரியமே இல்லை. ஜெய்ப்பூர் பக்கத்து ஆமேர் கோட்டை யானைச் சவாரியைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். கட்டிப்போட்டு வேடிக்கை காட்டும் இடத்துக்குச் சரணாலயம் என்று பெயர் வைக்காதீர்கள்.

ஆமேர் விஷயம் உங்களுக்குத் தெரியாததல்ல. கீழே மாவோட்டா ஏரிப் பக்கத்திலிருந்து கல் பாவிய ஏற்றத்தில் ஆளைச் சுமந்து மேலே போக வேண்டும், இறக்கிவிட்டு வந்து மறுபடியும் ஏற வேண்டும். 2018-ல் விலங்கு நல வாரியம் சொல்லிப் போன குழு அந்த யானைகளைச் சோதித்தபோது பத்துக்குக் காசநோய் அறிகுறி, பத்தொன்பதுக்குப் பார்வைக் கோளாறு. கால் கோளாறு இல்லாத யானையைத் தேடத்தான் வேண்டியிருந்தது. காசநோய் யானையிடமிருந்து மனிதனுக்கும் தொற்றக்கூடியது. உங்கள் குழுவில் வருகிறவர்களில் பாதிப்பேர் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை டப்பாவோடு வருகிறவர்கள். அவர்களைத்தான் அம்பாரியில் ஏற்றுகிறீர்கள். 2024 பிப்ரவரியில் கௌரி என்ற யானை ஒரு ரஷ்யப் பெண்ணைத் தூக்கி வீசிக் காலை உடைத்த செய்தியை நீங்கள் பார்க்காமலா இருந்திருப்பீர்கள்? பார்த்துவிட்டும் நோட்டீஸில் "ராஜகம்பீர யானைச் சவாரி" என்று போட ஒரு தைரியம் வேண்டும்.

நாங்கள் இருவரும் ஏறவில்லை. ஜீப் இருக்கிறது, நடக்கவும் வழி இருக்கிறது. எங்கள் குழுவில் இன்னும் சிலர் எங்களோடு ஜீப்பில் வந்தார்கள். சவாரிக்குச் சேர்த்து வாங்கிய பணம் திரும்பி வராது என்றார் டூர் மேனேஜர். சரி, போகட்டும்.

எனக்குப் பொறுக்காதது அன்றைக்குச் சாயங்காலம் நடந்ததுதான். திட்டத்தில் "யானைகள் சரணாலயம், இயற்கைச் சூழலில்" என்று எழுதியிருந்தது. இயற்கை என்பது அங்கே ஒரு வேப்பமரம். அதற்குக் கீழே சிமெண்ட் தரையில், பின்னங்காலில் சங்கிலியோடு ஒரு பெண் யானை நின்றது. வயது அறுபதுக்கு மேல் என்றார்கள். வந்த எல்லோர் கையிலும் வண்ண டப்பாவும் பிரஷ்ஷும் கொடுத்தார்கள். யானை மேல் படம் வரையலாமாம். எங்கள் பஸ்ஸில் வந்தவர்கள் தும்பிக்கையில் கோலம் போட்டார்கள், நெற்றியில் ஓம் எழுதினார்கள், ஒரு பையன் தன் பெயரை இங்கிலீஷில் எழுதி ஃபோட்டோ எடுத்துக்கொண்டான். எங்களுக்கு முன்னால் வந்தவர்கள் வரைந்த மஞ்சள் பூ காது மடிப்பில் பாதி அழிந்து ஒட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் முடித்ததும் குழாயைத் திறந்து அடித்து, பிரம்புத் தேய்ப்பான் போட்டுத் தேய்த்தார்கள். வாசலில் அடுத்த பஸ் வந்து நின்றிருந்தது.

யானை குளித்து முடித்ததும் மண்ணை வாரி மேலே போட்டுக்கொள்ளும். வெயிலும் பூச்சியும் தோலை அண்டாமல் இருக்க அது தானே செய்துகொள்ளும் ஏற்பாடு. சின்ன வயதில் காவிரிப் படித்துறையில் கோயில் யானையைப் பார்த்து வளர்ந்த எனக்கே இது தெரியும். இந்த யானைக்கு அள்ளிப் போட மண் இல்லை. ஈரத் தரையைத் தும்பிக்கையால் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கிடைக்காமல் காற்றை முதுகு மேல் வீசிக்கொண்டது. முன்கால் நகத்தோரம் வெடித்து, அதில் ஊதா மருந்து பூசியிருந்தார்கள். அந்தக் காலை ஊன்றாமல் தூக்கித் தூக்கி வைத்துத் தலையை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே இருந்தது. "பாட்டு போட்டால் டான்ஸ் ஆடும் மேடம்" என்றார் கைடு. பாட்டு எதுவும் போடவில்லை. வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் கட்டிக் கிடக்கும் யானைதான் அப்படி ஆடும். யானை வைத்தியர் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

பாகன்மேல் எனக்குக் கோபமில்லை. ஒரு நாளைக்கு நூற்றைம்பது கிலோவுக்குக் குறையாமல் தின்னும் ஜீவனை வைத்துக்கொண்டு, பஸ் வந்தால்தான் தீவனம் என்ற நிலையில் அவர் இருக்கிறார். யானை அவருடையதும் இல்லை, முதலாளிக்குச் சொந்தம். கோபமெல்லாம் இதற்குச் சரணாலயம் என்று பெயர் வைத்து, தலைக்கு இவ்வளவு என்று எங்களிடம் வசூலித்தவர்கள் மேல்தான்.

இத்தனைக்கும் நிஜமான இடம் ஒன்று உங்கள் வழியிலேயே இருக்கிறது. மதுராவில் கிருஷ்ண ஜன்மபூமி பார்த்துவிட்டு ஆக்ரா போகிறீர்களே, அந்தச் சாலையில் ஃபரா தாண்டுகிறீர்களே, அங்கேதான். சுர்முரா கிராமத்தில், வைல்டுலைஃப் எஸ்ஓஎஸ் என்ற வனவிலங்கு மீட்பு அமைப்பு 2010-லிருந்து நடத்தும் யானைகள் பராமரிப்பு மையம். 2018-ல் அதன் பக்கத்திலேயே இந்தியாவின் முதல் யானை மருத்துவமனையையும் திறந்தார்கள். தெருவில் பிச்சையெடுக்க வைத்த யானை, சர்க்கஸ் யானை, கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்குப் போன யானை எல்லாம் அங்கே வந்து சேர்ந்திருக்கின்றன. முள் வைத்த சங்கிலியோடு பல பத்தாண்டுகள் கிடந்த ராஜுவை 2014-ல் மீட்டு அங்கேதான் கொண்டுவந்தார்கள். பஸ்ஸில் போகும்போதே மேனேஜரிடம் கேட்டேன். "அதெல்லாம் புரோகிராம்ல இல்லீங்கம்மா" என்றார். அரை மணி கழித்து, புரோகிராமில் இல்லாத ஒரு பேடா கடையில் பஸ் நாற்பது நிமிஷம் நின்றது.

டூர் முடிந்ததும் ஃபரீதாபாத்தில் இருக்கும் தம்பி வீட்டில் தங்கி, முன்பதிவு செய்துவிட்டுப் போய்ப் பார்த்தோம். தொட முடியாது, பழம் ஊட்ட முடியாது, செல்ஃபிக்காக ஒட்டி நிற்க முடியாது. முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள், தொலைவில் நின்றுதான் பார்க்க வேண்டும். ஒரு கிழட்டு யானை மருந்துத் தண்ணீர்த் தொட்டியில் காலை விட்டுக்கொண்டு நின்றது. கம்பிக்கு இந்தப் பக்கம் பாகன், கையில் அங்குசம் இல்லை, ஒரு வாளி நிறையப் பழத்துண்டு. காலைத் தூக்கிக் கம்பி இடுக்கில் வைத்தால் ஒரு துண்டு. வைத்த காலை இன்னொருவர் பக்குவமாகச் சுரண்டிச் சுத்தம் செய்கிறார். நடுவில் அதற்கு அலுத்துப்போய்க் காலை எடுத்துக்கொண்டு போய்விட்டது. யாரும் அதட்டவில்லை, காத்திருந்தார்கள். கொஞ்சம் தள்ளி இன்னொரு யானை மண் மேட்டில் சாய்ந்து, வாரி வாரித் தலையில் போட்டுக்கொண்டிருந்தது. என் தம்பி பேரன், "அதைக் குளிப்பாட்ட மாட்டாங்களா?" என்று கேட்டான். அது குளித்துவிட்டுத்தான் போட்டுக்கொள்கிறது என்றேன். ஒரு யானையையும் தொடாமல் வந்தோம். அவனுக்கு அது ஒரு குறையாகவே தோன்றவில்லை. காரில் திரும்பும் வழியெல்லாம் அந்தக் கால் வைத்தியம்தான் பேச்சு.

"ஊருக்கு உபதேசமா, நம் கோயில் யானை மட்டும் என்ன வாழ்கிறது?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். புதுச்சேரி மணக்குள விநாயகர் கோயில் லட்சுமி 2022 நவம்பரில் நடைப்பயிற்சி போன தெருவிலேயே விழுந்து செத்தது. குன்றக்குடி சுப்புலட்சுமி 2024 செப்டம்பரில், கட்டியிருந்த கொட்டகை தீப்பிடித்துச் செத்தது. ஆசீர்வாதத்துக்குத் தலையை நீட்டிய நாம் எல்லோரும் ஆளுக்கொரு கண்ணீர் ஸ்டேட்டஸ் போட்டோம். திருச்சிப் பக்கம் எம்.ஆர்.பாளையத்தில் வனத்துறை மறுவாழ்வு மையம் வைத்திருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்? அரசாங்கம் எழுதும் சட்டம் அலமாரியில் இருக்கும், யானை வெயிலில் நிற்கும். அறநிலையத் துறைக்குத் தனிக் கடிதம் எழுத வேண்டியதுதான், எழுதுவேன். அதற்காக உங்களுடையது சரியாகிவிடாது.

"வாடிக்கையாளர் கேட்கிறார்கள், நாங்கள் என்ன செய்ய?" என்பீர்கள். நாங்கள் எதைத்தான் கேட்டோம்? கல் நகைக் கடையில் ஒன்றரை மணிநேரம் உட்காரக் கேட்டோமா? கம்பளத் தொழிற்சாலை கேட்டோமா? நீங்கள் அழைத்துப்போன இடத்துக்கு வந்தோம். யானைக்கும் கமிஷன் உண்டா என்று நான் கேட்க மாட்டேன். உங்கள் நோட்டீஸில் "தினமும் சாம்பார், ரசம் உண்டு", "வெங்காயம் பூண்டு இல்லாத சமையல் தனியாக" என்று தடித்த எழுத்தில் இருக்கிறது. யானை கட்டிக் கிடக்குமா, அவிழ்ந்து திரியுமா என்று ஒரு வரி இல்லை.

குரல் உயர்ந்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். பணிவாகவே மறுபடி கேட்கிறேன். ஆமேர் சவாரியை எடுத்துவிட்டு ஜீப் போடுங்கள். சவாரி, வண்ணம் பூசுதல், குளிப்பாட்டுதல் இருக்கும் எந்த இடத்தையும் சரணாலயம் என்று எழுதாதீர்கள். வேடிக்கை என்றே எழுதுங்கள், வருகிறவர்கள் தெரிந்து வரட்டும். அந்த நேரத்தை மதுரா–ஆக்ரா சாலையில் சுர்முராவுக்குக் கொடுங்கள். முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும், மொத்தக் கூட்டத்தையும் ஒரே நேரத்தில் விடாமல் பிரித்து அனுப்பச் சொன்னாலும் சொல்வார்கள். அறுபது பேருக்கு வடநாட்டில் இட்லி அவிக்கிறவர்களுக்கு இது ஒரு பொருட்டா?

ஐப்பசியில் புறப்படும் டூருக்கான நோட்டீஸ் ஆடியிலேயே அச்சுக்குப் போய்விடும் என்று தெரியும். அதற்குள் மாற்றிவிட்டால் ஒரு வரி தெரிவியுங்கள். எங்கள் ஓய்வூதியர் சங்கத்திலிருந்து அடுத்த முறை ஒரு பஸ் நிறைய ஆள் தயாராக இருக்கிறார்கள். மாற்ற முடியாது என்றாலும் தெரிவியுங்கள், நாங்களே ரயிலில் டிக்கெட் போட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் ஃபில்டர் காபியை இன்னும் மறக்காத
ஒரு பயணி, கும்பகோணம்