மார்ஜின் பணத்தை எங்கே போடுவது?

கீழக்கரை

மாப்ளே,

மூன்று மாதமாகப் பதில் போடாதது என் தப்புதான், திட்டிக்கொள். வீட்டில் எல்லோரும் சுகம். மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கிறது. ஜூன் 14 வரை மீன் விலை இப்படித்தான். அதற்கும் குட்டையன் என்னைத்தான் ஏசுகிறான்.

நீ அனுப்பிய நகைக்கடைக் கம்பெனியின் கேஷ் ஃப்ளோ தாளை (பணம் வந்துபோன கணக்கை) பார்த்தேன். தங்க விலை இறங்கினால் கையிருப்பில் அடி விழாமல் இருக்க, புரோக்கர் மூலம் தங்க ஃப்யூச்சர்ஸ் (பின்தேதி ஒப்பந்தம்) விற்றிருக்கிறார்கள். அந்தக் காப்புக்குத்தான் ஹெட்ஜ் என்று பெயர். ஆபரேட்டிங் (அன்றாட வியாபாரம்), இன்வெஸ்டிங் (முதலீடு), ஃபைனான்சிங் (கடன், மூலதனம்) என்று மூன்று தலைப்பு இருக்க, புரோக்கருக்குப் போனதையெல்லாம் அள்ளி இன்வெஸ்டிங்கில் கொட்டியிருக்கிறாய். கருவாட்டையும் பச்சை மீனையும் ஒரே கூடையில் போடுவார்களா?

இனிஷியல் மார்ஜின் என்பது ஒப்பந்தம் போடும்போது கட்டுகிற டெபாசிட். லாட்டை (ஒப்பந்த அலகை) முடித்தால் திரும்பி வரும். ஆனால் முடிக்கும்வரை எடுக்க முடியாது, அதனால் அது கேஷ் இருப்பில் வராது. எம்.டி.எம். (மார்க் டு மார்க்கெட்) வேறு. அது அன்றாடம் தீர்க்கிற லாப நஷ்டம். கோல்டு மினி என்ற தங்க ஃப்யூச்சர்ஸில் ஒரு லாட் 100 கிராம், விலை 10 கிராமுக்கு. கையிருப்பு ஒரு கிலோவுக்காக 10 லாட் விற்றிருந்தால், ₹800 ஏறுகிற நாளில் ₹80,000 வெளியே போகும். ஷோகேஸில் உள்ள தங்கமும் ஏறியிருக்கும்தான், ஆனால் விற்கும்வரை அதிலிருந்து காசு வராது.

கேஷ் ஃப்ளோவுக்கான கணக்கு விதி இன்ட் ஏ.எஸ். 7. அதில் பத்தி 16-ஐப் படி. ஃப்யூச்சர்ஸுக்குக் கட்டும் பணம் இன்வெஸ்டிங் என்ற வரியோடு நீ நிறுத்திவிட்டாய். ஃப்யூச்சர்ஸையே வியாபாரமாக வாங்கி விற்பது அதில் சேராது. ஹெட்ஜ் என்று கணக்கு வைத்திருந்தால், எதைக் காக்கிறதோ அதன் தலைப்புக்கே பணமும் போகும். இங்கே காப்பது சரக்கை, ஆகவே ஆபரேட்டிங். இன்ட் ஏ.எஸ். பொருந்தாத கம்பெனிகளுக்கான ஏ.எஸ். 3-உம் இதையேதான் சொல்கிறது.

'கணக்கு வைத்திருந்தால்' என்பதில்தான் வில்லங்கம். முதலாளி வாயால் 'இது பாதுகாப்புக்குத்தான்' என்றால் போதாது. எந்தச் சரக்கு, எத்தனை லாட், என்ன ஆபத்து, பலனை எப்படி அளப்பது என்று ஹெட்ஜ் தொடங்கும்போதே எழுதி வைத்திருக்க வேண்டும். இப்போது உட்கார்ந்து பழைய தேதி போட்டு எழுதித் தராதே, உன்னை எனக்குத் தெரியும். அந்தக் காகிதமும் இல்லை, ஃப்யூச்சர்ஸ் வியாபாரமும் இல்லை என்றால் இன்வெஸ்டிங்தான்.

அப்படியே இன்வெஸ்டிங் என்று வைத்தாலும் உன் தாள் தப்பு. லாபத்தில் தொடங்குகிறாய், எம்.டி.எம். நஷ்டம் அதில் ஏற்கெனவே கழிந்திருக்கிறது. அதைத் திரும்பக் கூட்டாமல் கீழேயும் கழித்தால் இரண்டு முறை போகும். கேஷ் இருப்பு ஒத்துப்போகாமல் இடித்தது இதனால்தான். இடித்த தொகையை 'இதர'வில் அமுக்கியிருக்கிறாயே, கள்ளா!

31 மார்ச் எம்.டி.எம். நஷ்டத்துக்குப் பணம் போவது அடுத்த வேலை நாளில். நஷ்டம் இந்த ஆண்டு, காசு அடுத்த ஆண்டு. நடுவில் அது கடன்பாடு. மார்ஜினுக்கு ஈடாக ஏற்கெனவே உள்ள எஃப்.டி.யை அடமானம் வைத்திருந்தால் கேஷ் எதுவும் நகரவில்லை, தாளில் ஏற்றாதே. மார்ஜின் கட்ட பேங்கில் வாங்கிய கடனும் அதன் வட்டியும் ஃபைனான்சிங். புரோக்கரேஜும் சி.டி.டி.யும் (சரக்குப் பரிவர்த்தனை வரி) ஹெட்ஜ் பணம் போகிற இடத்துக்கே.

புரோக்கர் லெட்ஜரில் எல்லாம் நிகரமாகக் கிடக்கும். மார்ஜினையும் எம்.டி.எம்.மையும் பிரிக்க, நாள்வாரி மார்ஜின் ஸ்டேட்மென்டைத் தனியாகக் கேட்டு வாங்கு. ஹெட்ஜ் காகிதம் உண்டா, அதில் என்ன தேதி என்று பார்த்து எழுது. அதன் பிறகு தாளைத் தொடு.

உன்
பங்காளி