சான்றிதழ் இல்லாத கைத்தொழில்

ஆசிரியருக்கு,

வன்னியில் நாலைந்து வருடம் மேசன் வேலையோ வயரிங்கோ செய்த பெடியள் பலரிடம் ஒரு துண்டுச் சான்றிதழும் கிடையாது. 'இனி எங்கே படிக்கிறது' என்று விட்டுவிடுகிறார்கள். படிக்கவே வேண்டாம். முன்கற்றல் அங்கீகாரம் என்ற வழியில், செய்த வேலையின் படங்கள், வேலை தந்தவரின் கடிதம் ஆகியவற்றைக் கோவையாக்கி, மதிப்பீட்டாளர் முன் செய்து காட்டினால் தேசிய தொழிற்தகைமைச் (NVQ) சான்றிதழை 3 அல்லது 4ஆம் மட்டத்தில் பெறலாம். 4 இருந்தால் 5ஆம் மட்ட டிப்ளோமாவுக்கும் வழியுண்டு. அதைப் படிக்கக் கிளிநொச்சி அறிவியல் நகரிலேயே இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் இருக்கிறது.

சிக்கல் பெரும்பாலும் கடதாசியில்தான். பிறப்புச் சான்றிதழில் 'சண்முகராசா', அடையாள அட்டையில் 'சண்முகராஜா'. விண்ணப்ப முடிவு நாளுக்கு முதல்நாள் கண்டுபிடித்து என்ன பயன்? இடப்பெயர்வில் மூலப்பிரதி தொலைந்தவர்கள் பிரதேச செயலகப் பதிவாளர் பிரிவில் பிரதி எடுத்து, எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கிராம அலுவலர் சான்றிதழை மட்டும் கடைசியில் எடுங்கள்; ஆறு மாதம்தான் செல்லும்.

வேலைத்தலப் பயிற்சிக்குப் போகிறவர்கள் நாட்குறிப்பில் அன்றன்றே மேற்பார்வையாளரின் கையெழுத்தை வாங்கிவிட வேண்டும். மாத முடிவில் மொத்தமாக வாங்கப் போனால் அவர் லீவில் நிற்பார்!

பிரதேச செயலக மனிதவள உத்தியோகத்தர்கள் இந்தக் கடதாசிச் சரிபார்ப்பைப் பாடசாலைகளில் 11ஆம் ஆண்டிலேயே செய்து கொடுக்கலாமே.

தொழிற்பயிற்றுநர்கள் சிலர்,
மாங்குளம்.