பொட்டுவும் சின்னுவும் பிழைத்துவிட்டார்கள், எல்லோருக்கும் நன்றி

போன சனிக்கிழமை எங்கள் நாய்க்குட்டி பொட்டு கஞ்சிக் கிண்ணத்தை நக்கிக் காலி பண்ணிவிட்டு, கிண்ணத்தையே மூக்கால் தள்ளிக்கொண்டு திண்ணைவரை போனான். ஒன்பது நாள் கழித்து அவன் தானாக வாய் வைத்த முதல் சாப்பாடு அது. பார்த்ததும் இந்த மடலை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

நடந்தது தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். எங்கள் நாய் மல்லிக்குப் பொட்டு, சின்னு, கருப்பி என்று மூன்று குட்டிகள், ஏழு வாரம். அந்த நேரத்தில் சேலத்திலிருந்து இன்னொரு குட்டியை வாங்கி வந்தோம். கொடுத்தவர் தடுப்பூசியெல்லாம் போட்டாச்சு என்றார், அட்டை எங்கே என்று நான் கேட்கவில்லை, தனியாகவும் வைக்கவில்லை. மூன்றாம் நாள் அந்தக் குட்டிக்கு வாந்தி, அப்புறம் ரத்தம் கலந்த பேதி. அந்த நாற்றத்தை ஒருமுறை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். மறுநாள் விடியற்காலையில் அந்தக் குட்டி செத்துப்போய்விட்டது. அடுத்த ஐந்து நாளுக்குள் பொட்டுவும் சின்னுவும் படுத்துவிட்டார்கள்.

ஜீப் அண்ணனுக்குத்தான் முதல் நன்றி. இரவு பதினொன்றுக்கு, கை நீட்டினால் விரல் தெரியாத பனியில், இருபது கொண்டை ஊசி வளைவையும் இறங்கிச் சேலத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தீர்கள். அதோடு விடவில்லை, ஆறு நாளும் டிரிப்ஸ் ஏற்றக் கூட்டிப் போனீர்கள், டீசல் காசுக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலிலேயே "குட்டியைக் கீழே விடாதீங்க, மத்த நாய்ங்க வர்ற இடம்" என்று எங்களை ஜீப்பிலேயே இருக்கச் சொன்ன கம்பவுண்டர் தம்பிக்கு நன்றி. டாக்டரம்மா அங்கேயே வந்து பஞ்சுக்குச்சியில் மலம் எடுத்துச் சோதனைப் பட்டையில் விட்டார், பத்து நிமிடத்தில் இரண்டு கோடு, நாய்க்குட்டிகளைத் தாக்கும் பார்வோ வைரஸ்தான். இந்த வைரஸைக் கொல்ல வீட்டில் கொடுக்கிற மருந்து ஏதும் இல்லை, குடலின் உள்தோலையும் ரத்தத்தின் வெள்ளை அணுக்களையும் அது அழிக்கிறது, உடம்பு எதிர்த்து நிற்கும்வரை நீர்ச்சத்து குறையாமல் தாங்கிப் பிடிப்பதுதான் நம் வேலை என்று பொறுமையாகச் சொன்னார். சின்னுவின் காலில் நரம்பே கிடைக்கவில்லை. அவர் விளக்கைக் கிட்டக் கொண்டுவந்து, கட்டை விரலால் நீவி நீவி, மூன்றாவது முறையில் ஊசியை ஏற்றியபோதுதான் எனக்கு மூச்சே வந்தது.

எதிர்வீட்டு அக்கா, கருப்பியை நீங்கள் கூட்டிப் போயிருக்காவிட்டால் அவளும் படுத்திருப்பாள். உங்கள் வீட்டில் நாய் இல்லாததால்தான் டாக்டரம்மா சம்மதித்தார். எங்கள் வாசலுக்கு வந்த செருப்பை வெளியிலேயே கழற்றி, கை கழுவி, சேலையை மாற்றிக்கொண்டுதான் அவளைத் தொட்டீர்கள். இன்றுவரை அவளுக்கு ஒரு வாந்திகூட இல்லை.

அம்மாயி ராத்திரியெல்லாம் வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிக் குட்டிகளின் வயிற்றோரம் வைத்துக்கொண்டே இருந்தார். மலைக்குளிரில் அதுவும் ஒரு மருந்துதான்.

அப்புறம், பினாயில் ஊற்றிக்கொண்டிருந்த என்னைத் தடுத்த மருந்துக்கடை அண்ணன். பினாயிலுக்கு இது சாகாது என்று அவர்தான் சொன்னார். அழுக்கைச் சோப்புப்போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு, துணி வெளுக்கிற பிளீச் ஒரு பங்குக்குத் தண்ணீர் முப்பது பங்கு கலந்து, பத்து நிமிடம் ஈரமாகவே விட வேண்டும். கிண்ணம், கூண்டு, திண்ணை, செருப்பின் அடி எல்லாவற்றுக்கும் அப்படித்தான் செய்தோம். மண்ணை அப்படிக் கழுவ முடியாது. சில்வர் ஓக் நிழலும் பனியும் சேர்ந்து எங்கள் கொல்லை காயவே காயாது, அந்த மாதிரி இடத்தில் வைரஸ் பல மாதம் கிடக்குமாம்.

மல்லிக்கு ஒன்றும் ஆகவில்லை. அவளுக்கு ஊசியைத் தவறாமல் போட்டுவிட்ட என் தம்பிக்கு அந்தப் புண்ணியம். கருப்பிக்கும் முதல் ஊசி போட்டாச்சு, இனி மூன்று, நான்கு வாரத்துக்கு ஒன்றாகப் பதினாறு வாரம் தாண்டும்வரை போட வேண்டும். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச்சக்தி இருக்கிறவரை ஊசி சரியாகப் பிடிக்காதாம், அதனால்தான் ஒன்றோடு நிறுத்தக் கூடாது.

குட்டிகளைப் பார்க்க வருகிறேன் என்று போன் பண்ணிய எல்லோரும் தாராளமாக வாருங்கள். உங்கள் வீட்டில் ஊசி முடியாத குட்டி இருந்தால் மட்டும் இப்போது வேண்டாம், போட்டோ அனுப்புகிறேன்.