ஃபியஸ்டாவ விக்கறதுக்கு முன்னாடி

அம்மணி,

போன ஞாயித்துக்கெழம உன் ஃபோர்டு கார பத்தி பேசறப்ப "ஃபியஸ்டா சும்மாதானப்பா கெடக்கு, வித்துருங்க"ன்னு சொன்னே. நான் சரின்னும் சொல்லல, வேண்டாம்னும் சொல்லல, சிக்னல் சரியில்லன்னு சொல்லி பேச்ச மாத்திட்டேன், உனக்கு அது தெரிஞ்சிருக்கும். போன்ல சொல்ல ஆரம்பிச்சா உங்கம்மா நடுவுல பூந்து ஷெட்டு காலியானா அங்க என்னென்ன வெக்கலாம்னு லிஸ்ட் போட ஆரம்பிச்சுருவா. அதனால டைப் பண்ணியே அனுப்பறேன், நீட்டமா இருக்கும், டயம் கெடைக்கறப்ப படி.

வண்டிய வித்துக் குடுக்கறது எனக்கு ஒரு வேலையே இல்ல. கன்சல்டிங் ஆபீஸ் போட்டு வண்டி வாங்கி வித்துத்தான் உன்னையும் உங்கண்ணனையும் படிக்க வெச்சது, ரெண்டு போன் போட்டா சாயந்தரமே டோக்கன் அட்வான்ஸோட பார்ட்டி வந்து நிக்கும். ஆனா வித்துட்டுப் போனவங்க நாலஞ்சு வருசம் கழிச்சு திரும்பி வந்து, டீ குடிச்சுட்டு, ஊர் கதையெல்லாம் பேசிட்டு, எந்திரிக்கறப்ப மெதுவா "அந்த வண்டி இப்ப யாருகிட்டங்க இருக்குது"ன்னு கேப்பாங்க பாரு, அதையும் நான் நெறைய பாத்திருக்கறேன்.

இதுல ஒண்ணு கவனிச்சிருக்கறேன். பொண்ணு கல்யாணத்துக்கு, ஆஸ்பத்திரி செலவுக்கு, தறி போடறதுக்குன்னு வித்தவங்க யாரும் அப்படி திரும்பி வந்து கேக்கறதில்ல, அந்தப் பணம் எங்க போச்சுன்னு அவங்களுக்குத் தெரியும். பொலம்பறதெல்லாம் எக்ஸ்சேஞ்ச் போனஸ்னு சொன்னத கேட்டு ஷோரூம்லயே சாவிய குடுத்துட்டு வந்தவங்க, எடம் அடைக்குதுன்னு வித்தவங்க, வீட்டுல நச்சரிப்பு தாங்காம தள்ளி விட்டவங்க. எக்ஸ்சேஞ்ச்ல போன வண்டி மொத்தமா எடுக்கற புரோக்கர் கைக்குப் போயி ஜில்லா தாண்டிரும், அப்பறம் நீ ஆர்சி நம்பர வெச்சுட்டு தேட வேண்டியதுதான்.

இன்னொண்ணு, வண்டிக்கு பன்னெண்டுல இருந்து பதினஞ்சு வயசு ஆகறப்பதான் அது கண்ணுக்கு ரொம்ப கேவலமா தெரியும். புதுசும் இல்ல, பழைய வண்டின்னு பெருமையா சொல்லிக்கற அளவுக்கு பழசும் இல்ல, வெலையும் அப்பத்தான் அடிமட்டத்துல நிக்கும். எல்லாரும் சரியா அந்த நேரம் பாத்துத்தான் விப்பாங்க. உன் வண்டி 2011 மாடல், கணக்குப் போட்டுக்கோ.

காண்டசாவ எடுத்துக்கோ. 1984-ல இந்துஸ்தான் மோட்டார்ஸ் கொண்டு வந்தது, இங்கிலாந்துல வாக்ஸ்ஹால் விக்டர்னு ஓடி முடிஞ்ச மாடல வாங்கிட்டு வந்து கல்கத்தா பக்கம் உத்தர்பாராவுல செஞ்சாங்க. உடம்பு அத்தாம் பெருசு, உள்ள போட்டது அம்பாசடர்ல இருந்த அதே 1.5 லிட்டர் இஞ்சின், 50 பிஎச்பி, அதாவது 50 குதிர சக்தி, வீட்டோட ஏறி உக்காந்தா பாவம் அது என்ன பண்ணும். அப்பறம் இசுசு 1.8 பெட்ரோல் இஞ்சினும் 5 கியரும் போட்டு கிளாசிக்னு விட்டாங்க, அதுதான் வண்டி, முன்னாடி மூக்கு நீளமா, பின்னாடி டிக்கில ஒரு கல்யாண வீட்டு சாமானே வெக்கலாம். நம்மூரு மில்லு மொதலாளிங்க வீட்டு போர்டிகோ பூராவும் அதுதான் நின்னுச்சு. தொண்ணூறு பாதியில எஸ்டீம், சியலோ, ஆஸ்ட்ரான்னு புதுக் காருங்க ஒண்ணு பின்னாடி ஒண்ணு எறங்கவும், பெட்ரோல் குடிக்குது, பார்ட்ஸ் கெடைக்கலன்னு சொல்லி வரிசையா தள்ளி விட்டாங்க, 2002-ல கம்பெனியும் செய்யறத நிறுத்திட்டாங்க. சூலூர் பக்கம் ஒரு மில்லுக்காரரு, வயசு எழுபது தாண்டிருச்சு, தான் குடுத்த கிளாசிக்க இன்னமும் தேடறாரு. அவருக்காக நானும் விசாரிச்சுப் பாத்தேன், கடைசியா வாங்குனவரு அத பிரிச்சுப் போட்டு வித்துட்டாரு, சென்னை புதுப்பேட்டையில யாரோ ஒருத்தர்கிட்ட அதோட டேஷ்போர்டு இருக்கலாம்னு மட்டும் தகவல் வந்துச்சு. அவருகிட்ட நான் அத சொல்லல.

ஆனா காண்டசாவுக்கு அழறவங்கள்ல பாதிப் பேரு வெச்சிருந்தது அந்த 50 பிஎச்பி வண்டிதான். அப்ப திட்டிட்டே ஓட்டுனாங்க, இப்ப "அந்த மாதிரி வருமா"ங்கறாங்க. இவங்கள நான் கணக்குல சேக்கறதில்ல.

நெஜமாவே அழ உரிமை இருக்கறது பழைய ஹோண்டா சிட்டிய வித்தவங்களுக்குத்தான். 1998-ல வந்துச்சு, அப்பறம் அதுலயே 1.5 விடெக் இஞ்சின் வந்துச்சு, 106 பிஎச்பி, சீட்டு தாழ்வா தரையில உக்காந்த மாதிரி, ஸ்பீடு பிரேக்கர்ல அடிவயிறு தட்டும், ஆனா ஆறாயிரம் ஆர்பிஎம் தாண்டுச்சுன்னா அது போடற சத்தம் இருக்குதே! அடுத்த மாடல் பெருசா, எடமா, மைலேஜோட 2003 கடைசியில வந்துச்சு, நல்ல குடும்ப வண்டி, வாங்குனவங்க யாரும் கொற சொல்லல, ஆனா பிஎச்பி 77. பழச குடுத்துட்டு இத எடுத்தவங்க மொத வாரமே ஓவர்டேக் பண்றப்ப புரிஞ்சுக்கிட்டாங்க. அதே மாதிரிதான் பழைய மாருதி ஜென். 1993-ல வந்தது, 993 சிசி அலுமினியம் இஞ்சின், கைக்கு அடக்கமான வண்டி, இங்க செஞ்சு ஆல்டோங்கற பேர்ல ஐரோப்பாவுக்கே ஏத்துமதி பண்ணுனாங்க. 2006-ல நிறுத்திட்டு எஸ்டிலோன்னு பின்னாடி ஒரு பேர ஒட்டி வேற ஒரு வண்டிய விட்டாங்க, ஜென் வெச்சிருந்தவங்ககிட்ட அத பத்தி கேட்டுப் பாரு, மூஞ்சி மாறும்.

உங்க தாத்தா செட்டு ஆளுங்க ஸ்டாண்டர்டு ஹெரால்டுன்னு ஆரம்பிச்சா நிறுத்த மாட்டாங்க. 1961-ல இருந்து நம்ம மெட்ராஸ்லயே செஞ்ச வண்டி, பானெட்டு மட்டும் இல்ல, மட்கார்டோட சேந்து மூக்கு மொத்தமும் முன்னாடி சாயும், டயர் மேல உக்காந்தே இஞ்சின் வேல பாக்கலாம். நாலு கதவு வெச்ச ஹெரால்டு இந்தியாவுல மட்டும்தான் வந்துச்சு. அவங்கள்ல பல பேர அவிநாசி ரோட்டுல ஜிடி கார் மியூசியத்துக்கு நான் கூட்டிட்டுப் போயிருக்கறேன், ஒரு மணி நேரம் பேசாம நின்னுட்டு வருவாங்க.

பெரிய ஆளுங்களுக்கும் இதே கததான். சச்சின் 2020-ல ஒரு நிகழ்ச்சியில சொன்னாரு, தான் மொத மொதல்ல வாங்குன மாருதி 800 இப்ப தங்கிட்ட இல்ல, திரும்பக் கெடச்சா நல்லா இருக்கும், கேக்கறவங்க யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்கன்னு. அதே மனுசன் ஃபெராரி 360 மொடேனாவ சூரத்துக்காரர் ஒருத்தருக்கு வித்தாரு, அத திருப்பிக் கேட்டதா நான் எங்கயும் படிக்கல.

விக்காமயே வெச்சிருந்தா சரியாப் போச்சான்னா அதுவும் இல்ல கண்ணு. நாட்டுலயே மொத மாருதி 800-ஓட சாவிய 1983 டிசம்பர் 14 அன்னைக்கு இந்திரா காந்தி கையால டெல்லிக்காரர் ஹர்பால் சிங்னு ஒருத்தர் வாங்குனாரு, வண்டி நம்பர் டிஐஏ 6479. கடைசி வரைக்கும் அவரு அத விக்கல. 2010-ல அவரு போனதுக்கப்பறம் அந்த வண்டி வீட்டு வாசல்ல கெடந்து துரு புடிச்சு டயரெல்லாம் உக்காந்து போச்சு, அந்த போட்டோ பாத்தா வயிறு எரியும். அப்பறம் கம்பெனிக்காரங்களே எடுத்து பழையபடி ரெடி பண்ணி அவங்க தலைமை ஆபீஸ்ல வெச்சாங்க. ஓட்டாம மூடி வெக்கறதும் ஒரு மாதிரி எடைக்குப் போடறதுதான், கொஞ்சம் மெதுவா.

டெல்லிக்காரங்க கத வேற, டீசல்னா 10 வருசம், பெட்ரோல்னா 15 வருசம்னு பசுமைத் தீர்ப்பாயம் சொல்லி, 2018-ல சுப்ரீம் கோர்ட்டும் அதையே சொன்னதுக்கப்பறம் நல்ல நல்ல வண்டியெல்லாம் வேற மாநிலத்துக்கு மாத்தறதுக்கு என்ஓசி வாங்கிட்டு தெக்க வந்துச்சு, நானும் எடுத்து வித்திருக்கறேன். அவங்க மனசு இருந்தும் விக்க வேண்டியதாப் போச்சு. நம்ம பக்கம் அப்படி தடை இல்ல, வண்டி ஓடற நெலமையில இருக்குதுன்னு எஃப்சி காட்டி அஞ்சஞ்சு வருசமா ஓட்டிக்கலாம்.

நீ அங்க முனிச்ல ஹெச் எழுத்து போட்ட நம்பர் பிளேட் வண்டிய போட்டோ எடுத்து அனுப்புனியே, 30 வருசம் தாண்டுனா வரிய கொறச்சு தனி பிளேட்டே குடுக்கறாங்க. இங்க 2021-ல வின்டேஜுன்னு ஒரு ரூல் கொண்டு வந்தாங்க, 50 வருசம் ஆகணும், 20 ஆயிரம் ரூவா கட்டணும், அப்பவும் தெனமும் ஓட்டக் கூடாது. நடுவுல இருக்கற வண்டிக்கெல்லாம் செலவு மட்டும்தான். 15 வருசம் தாண்டுன காருக்கு ஆர்சி புதுப்பிக்க 600 ரூவாயா இருந்தத 2022 ஏப்ரல்ல 5,000 ஆக்குனாங்க, 20 வருசம் தாண்டுனதுக்கு 2025-ல 10,000 ஆச்சு, பசுமை வரி தனி.

சரி, உன் வண்டிக்கு வர்றேன். அது 1.6 பெட்ரோல், 101 குதிர, ஹைட்ராலிக் ஸ்டியரிங். இப்ப வர்றதெல்லாம் எலக்ட்ரிக் ஸ்டியரிங், ஒரு விரல்ல திருப்பலாம், ஆனா ரோட்டுல என்ன இருக்குதுன்னு கைக்கு ஒண்ணும் தெரியாது. நீ பாலக்காடு ரோட்டுல ஓட்டிட்டு வந்து "இது நான் நெனைக்கறதுக்கு முன்னாடி திரும்புதுப்பா"ன்னு சொன்னது இந்த ஸ்டியரிங்காலதான். மறைமலை நகர்ல செஞ்ச வண்டி, 2021 செப்டம்பர்ல ஃபோர்டு இங்க கார் செய்யறத நிறுத்தறதா அறிவிச்சுட்டாங்க, திரும்ப வர்றதா பேச்செல்லாம் வந்துச்சு, ஆனா வந்தாலும் ஃபியஸ்டா வராது.

யாவாரியா சொல்றேன், காசுக்காக வெச்சிருன்னு நான் சொல்ல மாட்டேன். இன்னைக்கு வித்தா ஒண்ணே கால் லட்சம் வரும், சிங்கிள் ஓனர், ஒரிஜினல் பெயிண்ட், பட்டி பாக்காத வண்டிங்கறதால. இன்னும் பத்து வருசம் வெச்சாலும் இது காண்டசா ஆகாது, அதுக்கு இருக்கற மவுசு இதுக்கு வராது, ஓட்டத் தெரிஞ்சவங்களுக்கு மட்டும்தான் இதோட அருமை தெரியும். ஷெட்டுல நிக்கறதுக்கு இன்சூரன்ஸ், டயர், எஃப்சின்னு செலவு இருந்துட்டேதான் இருக்கும்.

அதனால நான் சொல்றது இதுதான். நீ ரெண்டு வருசத்துல திரும்பி வர்ற யோசன இருந்தா வெச்சுக்கலாம், நான் வாரம் ஒருக்கா எடுத்து அன்னூர் வரைக்கும் போயிட்டு வர்றேன், எனக்கும் பொழுது போகும். வர்ற யோசன இல்லைன்னா வித்துரலாம், ஆனா ஆபீஸ்ல போர்டு வெச்சு விக்க மாட்டேன். பொள்ளாச்சியில ஒரு மெக்கானிக் பையன் இருக்கறான், இதே மாடல் ஒண்ணு வெச்சு ஓட்டறான், போன தடவ சர்வீஸ் பண்றப்பவே "அக்கா குடுத்தாங்கன்னா மொதல்ல எனக்கு சொல்லுங்க அங்கிள்"ன்னு சொல்லிட்டுப் போனான். இருபதாயிரம் கொறஞ்சாலும் அவனுக்குக் குடுக்கலாம், பிரிச்சுப் போட மாட்டான், நீ லீவுக்கு வர்றப்ப ஒரு ரவுண்டு கேட்டா சாவியக் குடுப்பான். உங்க சித்தப்பா பையனும் கேட்டான், அவனுக்கு வேண்டாம், அவன் பைக்க வெச்சிருக்கற லட்சணம் நான் பாத்தேன்.

ஆர்சி உன் பேர்ல இருக்குது, விக்கறதுன்னா ஃபார்ம் 29-லயும் 30-லயும் உன் கையெழுத்து வேணும். எஃப்சி தேதி ஆர்சியிலயே இருக்குது, அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி முடிவு சொன்னாப் போதும், அவசரம் இல்ல. பேட்டரி மட்டும் எறங்கிட்டே வருது, வெச்சுக்கறதுன்னாலும் மாத்தணும், விக்கறதுன்னாலும் மாத்தணும், செல்ஃப் எடுக்காத வண்டிக்கு எந்த பார்ட்டியும் பத்தாயிரம் கொறச்சுத்தான் கேப்பான். அஞ்சாயிரத்து ஐநூறு அனுப்பிரு, உங்கம்மாவுக்கு தெரிய வேண்டாம்.

அப்பா