கேள்வித் தகரம்

மல்லாவி,
பங்குனி 6

அன்பின் தேவா,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள் என்று நீ எழுதியிருந்ததை வீட்டில் இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன், இவளுக்கு அப்போதே மட்டக்களப்புக்கு வெளிக்கிட வேண்டும் போல ஆகிவிட்டது. இங்கே காலபோக அறுவடை முடிந்து வயல்கள் வெறுமையாகக் கிடக்கின்றன. வெயில் இப்பவே ஏறிவிட்டது, கிணற்றுத் தண்ணீர் நாளுக்கு நாள் கீழே போகிறது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். ஓய்வு பெற்ற பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் வாசிகசாலையில் போய் நின்று என்ன படிப்பிக்கிறாய் என்று எழுதியிருந்தாய். மச்சான், படிப்பிப்பது என்று சொல்ல ஏலாது. வாசிகசாலை மேசையில் ஒரு பழைய பிஸ்கற் தகரம் வைத்திருக்கிறோம், கிழமை முழுக்க யாரும் ஒரு துண்டில் கேள்வி எழுதிப் போடலாம், பெயர் போடத் தேவையில்லை. ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்கு வேப்பமரத்தடியில் கதிரைகளைப் போட்டுவிட்டு ஒவ்வொரு துண்டாக எடுத்து வாசித்துத் தெரிந்ததைச் சொல்கிறேன், தெரியாததை எழுதி எடுத்துக்கொண்டு போய் அடுத்த கிழமைக்குப் படித்துக்கொண்டு வருகிறேன். முதலில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர்தான் வந்தார்கள். இப்போது வயலால் வருகிற ஆட்கள் சைக்கிளில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு நின்று கேட்கிறார்கள், தையல் வகுப்புப் பிள்ளைகள் வருகிறார்கள், கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர் கடையைப் பூட்டிவிட்டே வருகிறார்.

இதில் நான் படித்த பெரிய பாடம் ஒரு கேத்திலால் வந்தது, அதைத்தான் உனக்கு விரிவாக எழுத நினைத்தேன்.

தை மாதம் ஒரு துண்டு வந்தது. "கேத்திலுக்குள் வெள்ளையாகப் படிகிறது, கிட்னிக்குள்ளும் இப்படித்தான் படியுமா?" எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, இரசாயனம் படிப்பித்தவனுக்கு இதைவிட என்ன வேண்டும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் கடினத் தண்ணீர், அதில் கரைந்திருக்கும் கல்சியம் இருகாபனேற்று சூடேறும்போது கல்சியம் காபனேற்றாக மாறிப் படிகிறது, அது சுண்ணாம்புக்கல்லின் அதே பொருள்தான், தேசிக்காய்ப் புளி விட்டு ஊறவைத்தால் கரைந்து போகும் என்று சொல்லி, கையோடு கொண்டுபோன கேத்திலில் செய்தும் காட்டினேன். சிறுநீரகக் கற்களில் பெரும்பாலானவை கல்சியம் ஒக்சலேற்று, அது வேறு பொருள், வேறு வழியில் உண்டாவது. 1993-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்றையும் சொன்னேன்: 45,000-க்கு மேற்பட்ட ஆண்களை நான்கு வருடம் தொடர்ந்து பார்த்தபோது, சாப்பாட்டில் கல்சியம் கூடுதலாக இருந்தவர்களுக்குத்தான் கல் குறைவாக வந்தது. சாப்பாட்டில் வரும் ஒக்சலேற்றைக் குடலுக்குள்ளேயே கல்சியம் பிடித்துக்கொள்வதால் ஒக்சலேற்று இரத்தத்துக்குள் போவது குறைகிறது என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கம். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் நல்லாய்ச் சொல்லிவிட்டேன் என்ற நினைப்போடு கரும்பலகையை அழித்தேன்.

ஆட்கள் கலைந்த பிறகு ஒரு பிள்ளைத்தாய்ச்சிப் பெண் மட்டும் கதிரையால் எழும்பாமல் இருந்தாள். துண்டு போட்டது அவள்தான். புருஷனின் தம்பி செட்டிகுளம் பக்கம், வயதும் நாற்பது ஆகவில்லை, நீரிழிவும் இல்லை, பிரஷரும் இல்லை, ஆனால் சிறுநீரகம் இரண்டும் பழுதாகி இரத்தம் சுத்திகரிக்கப் போய் வருகிறாராம். "சேர், நீங்கள் கல்லைப் பற்றிச் சொன்னீங்கள். நான் கேட்டது, வீட்டில் இருக்கிற தண்ணியைப் பிள்ளைக்குக் குடுக்கலாமா எண்டு."

அன்றிரவு நித்திரை வரவில்லை தேவா. நான் சொன்னதில் ஒரு வசனமும் பிழையில்லை, ஆனால் அவளுக்கு அதில் ஒரு வசனமும் உதவவில்லை. துண்டில் இருந்த சொற்களுக்கு விடை சொன்னேனே ஒழிய, அதை எழுதியவள் எந்தப் பயத்தோடு எழுதினாள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு தகரத்தைத் திறக்காமல் அந்த ஒன்றை மட்டும் கதைத்தோம். கல் வேறு, நீரிழிவும் பிரஷரும் இல்லாமலே சிறுநீரகம் மெல்ல மெல்லப் பழுதாகிற இந்த நோய் வேறு என்று தொடங்கினேன். 1990களில் வடமத்திய மாகாணத்து விவசாயிகளிடம் இது கவனத்துக்கு வந்தது, வவுனியாப் பக்கமும் இருக்கிறது, இன்று வரைக்கும் ஒரே காரணம் இதுதான் என்று நிறுவப்படவில்லை. தண்ணீரில் கரைந்திருக்கும் புளோரைட் என்ற உப்பும் தண்ணீரின் கடினத்தன்மையும் சேர்ந்து செய்கிறதா, விவசாய நஞ்சுகளா, பார உலோகங்களா, வெயிலில் வேலை செய்து உடம்பு திரும்பத் திரும்ப வறள்வதா, எல்லாமே ஆராயப்படுகின்றன. மத்திய அமெரிக்காவில் நிக்கரகுவா, எல் சல்வடோர் நாடுகளின் கரும்புத் தோட்டத் தொழிலாளர்களிடமும் இதைப்போன்ற நோய் இருக்கிறது. நிக்கரகுவாவில் வேலைக்கிடையே நிழல், ஓய்வு, தண்ணீர் மூன்றையும் கூட்டிக் கொடுத்துப் பார்த்தபோது சிறுநீரகப் பாதிப்பு குறைந்தது. இதைச் சொன்னபோது சைக்கிளில் நின்றவர்கள் இறங்கி வந்து இருந்தார்கள்.

அப்புறம் தண்ணீர். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், புளோரைட் போகாது. தண்ணீர்தான் ஆவியாகும், புளோரைட் பானைக்குள்ளேயே நிற்கும், வற்ற வற்றச் செறிவு கூடத்தான் செய்யும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். அதைக் கண்ணாலோ நாக்காலோ அறிய முடியாது, ஆய்வுகூடத்தில் கொடுத்துப் பார்க்கத்தான் வேண்டும், பக்கத்து வளவுக் கிணற்றில் சரி என்றால் உன் கிணற்றிலும் சரி என்று எடுக்கவும் கூடாது. இந்த நோய் தொடக்கத்தில் ஒரு அறிகுறியும் காட்டாது, இரத்தத்தில் கிரியேற்றினின் என்ற, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவும் சிறுநீரில் புரதமும் பார்த்தால்தான் தெரியும் என்றும் சொன்னேன். இப்போது பதினொரு வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் போத்தல்களில் பெயர் ஒட்டிப் போயிருக்கிறது, முடிவுக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அந்தப் பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணின் வீட்டுத் தண்ணீர்தான் முதல் போத்தல்.

முடிந்து போகும்போது ஒரு வயதான கமக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "வாத்தியார், வந்தவை எல்லாரும் ஒவ்வொரு காரணத்தை நிச்சயமாச் சொல்லிப்போட்டுப் போச்சினம். இன்னும் காரணம் பிடிபடேல்லை எண்டு சொன்ன முதல் ஆள் நீங்கள்தான், அதாலைதான் மற்றதையும் நம்புறன்." காரணம் இன்னும் பிடிபடவில்லை என்று சொன்னால் சனம் எழும்பிப் போய்விடும் என்று நான் பயந்திருந்தேன்.

எல்லா ஞாயிறும் இவ்வளவு பாரமாக இருப்பதில்லை. ஏழாம் வகுப்புப் பொடியன் ஒருவன், நிலவு பனைக்கு மேலே வரும்போது பெரிதாகவும் உச்சிக்குப் போனால் சின்னதாகவும் இருப்பது ஏன் என்று கேட்டான். முன்னைய நான் என்றால் உடனே விடை சொல்லியிருப்பேன். இந்த முறை கொப்பித் தாள் ஒன்றைக் கொடுத்து, பூரணைப் போயாவன்று வவுனிக்குளக் கட்டில் நின்று நிலவு சரியாக அடங்கும் அளவுக்கு அதைக் குழலாகச் சுருட்டி நூலால் கட்டு, இரவு பத்து மணிக்கு அதே குழலால் திரும்பப் பார் என்று அனுப்பினேன். அடுத்த ஞாயிறு குழலோடு வந்தான். "அதே அளவு சேர், அம்மாவும் பார்த்தவ, அப்பாவும் பார்த்தவர், ஒருத்தரும் நம்பேல்லை." அதற்குப் பிறகுதான் சொன்னேன், உண்மையில் உச்சியில் நிற்கும்போதுதான் நிலவு ஒன்றரை வீதம் அளவு பெரிது, ஏனென்றால் பூமியின் ஆரையளவு தூரம் எங்களுக்குக் கிட்ட வந்துவிடுகிறது, பெரிதாகக் காட்டுவது எங்கள் மூளை என்று. மூளை ஏன் அப்படிச் செய்கிறது என்பதில் ஆய்வாளர்களே இன்னும் ஒருமுகப்படவில்லை என்றதும் அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ, தனக்கும் ஏதோ மிச்சம் வைத்திருக்கிறார்கள் என்பது போல ஒரு சந்தோஷம். மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது என்ற கேள்வி மாதத்துக்கு ஒருக்கால் வரும், அதற்கு ஈரத்துணியைக் கையில் சுற்றி விசிறிவிட்டால் போதும்.

நுளம்பு விஷயத்தில் ஒரு திருத்தம் செய்ய வேண்டி வந்தது. டெங்கு நுளம்பு நல்ல தண்ணீரில் மட்டும்தான் பெருகும் என்று வருடக்கணக்காகப் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தேன், நீயும் அப்படித்தான் சொல்லியிருப்பாய். முல்லைத்தீவிலிருந்து தங்கச்சி வீட்டுக்கு வந்திருந்த ஒரு அம்மா, கரையில் கிடக்கும் பழைய வள்ளத்துக்குள் உவர்த்தண்ணீரில் புழு நெளிகிறதே, அது எந்த நுளம்பு என்று கேட்டா. தேடிப் பார்த்தால், யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விலங்கியல் துறையினர் பங்கெடுத்த ஆய்வு ஒன்று 2011-இலேயே வந்திருக்கிறது. உங்கள் மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் பாவிக்காத கிணறுகள், கைவிட்ட வள்ளங்கள், எறிந்த பிளாஸ்ரிக் கோப்பைகள் இவற்றில் நின்ற உவர்த்தண்ணீரில் டெங்கு நுளம்பின் குடம்பிகளைக் கண்டிருக்கிறார்கள், லீற்றருக்கு 15 கிராம் வரை உப்பிருந்த தண்ணீரிலும்கூட. கடல்நீரில் 35 கிராம் அளவு இருக்கும் என்று நினைத்துப் பார். அடுத்த ஞாயிறு எழும்பி நின்று, இத்தனை வருடம் நான் சொன்னது அரைகுறை, கரையோரம் இருக்கும் உங்கள் சொந்தக்காரருக்கும் இதைச் சொல்லுங்கள் என்றேன். என்னிடம் படித்த இரண்டு தகப்பன்மார் அங்கே இருந்தார்கள், அவர்களுக்கும் சேர்த்துத்தான் சொன்னேன்.

இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் மலேரியாக் காய்ச்சல் வராத வீடு எது சொல்லு. 2016 செப்ரெம்பரில் இலங்கையில் மலேரியா இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது, அதே வருடம் மார்கழியில் மன்னாரில், இந்திய நகரங்களில் மலேரியா பரப்பும் நுளம்பு இனம் ஒன்று முதல் தடவையாகப் பிடிபட்டது. அது கிணறுகளிலும் தண்ணீர்த் தாங்கிகளிலும் பெருகும். இதைச் சொன்ன கிழமை பிள்ளைகள் வீடு வீடாகப் போய்த் தாங்கி மூடிகளைப் பார்த்துவிட்டு வந்தார்கள், நான் கேட்கவே இல்லை.

இனி உன்னிடம் ஒரு வேலை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, "பூமியின் சுற்றளவை யார் அளந்தது, கயிறு பிடித்தா?" என்று எழுதிப் போட்டிருக்கிறாள். எரத்தோஸ்தனீஸ் கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் எகிப்தில் இரண்டு ஊர்களின் நண்பகல் நிழலை வைத்துக் கணித்தார் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் எங்களுக்கே இரண்டு ஊர் இருக்கிறதே. சித்திரை 13, 14 அளவில் மல்லாவியில் சூரியன் நேர் உச்சிக்கு வரும், கம்பின் நிழல் கம்புக்குள்ளேயே போய்விடும். நீ இருக்கும் இடம் வடக்குத் தெற்குக் கணக்கில் எங்களுக்கு ஏறத்தாழ 155 கிலோமீற்றர் தெற்கு, ஆனபடியால் உன் கம்புக்குத் தெற்குப் பக்கமாகச் சின்ன நிழல் விழும். 14-ஆம் திகதி வருடப்பிறப்புச் சந்தடியாக இருக்கும், 13-ஆம் திகதியை வைத்துக்கொள்வோம். இரண்டு மீற்றர் நீளக் கம்பு ஒன்றைத் தூக்குக்குண்டு பிடித்து நேராக நட்டு, 11.50-இலிருந்து 12.15 வரை இரண்டு நிமிடத்துக்கு ஒருக்கால் நிழலின் நுனியைக் குறித்து, ஆகக் கட்டையான நீளத்தை மில்லிமீற்றரில் எனக்கு அனுப்பு. உங்களுக்கு நண்பகல் எங்களைவிட ஐந்து நிமிடம் முந்தி வரும். அளவு ஐந்து சென்ரிமீற்றரை ஒட்டி வரவேண்டும், அதை நான் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. மிச்சக் கணக்கை அவர்களே கரும்பலகையில் போடட்டும்.

முகில் மறைத்தால் அடுத்த நாள் பார்க்கலாம். கம்பு கிடைத்ததும் ஒரு வரி எழுது.

அன்புடன்,
சிவம்